தூக்க முடியுமா? ஏற முடியுமா?

அப்பாவுக்கு வயது 67. பெக்கான் நானாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக்கு மாறி, முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர். பெரட்டுக்குப் போனது சைக்கிளில். தோம்பு ஏற்றிச் சென்றது சைக்கிளில். என்னைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டதும் அதே சைக்கிளில்தான். முழங்கால் தேய்ந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, அந்தச் சைக்கிள் வீட்டின் பின்புறம் துருப்பிடித்து நிற்கிறது.

எங்களுக்கு மேட்டுப் பக்கம் ஒரு துண்டு நிலம் உண்டு. கொஞ்சம் அன்னாசி, கொஞ்சம் மரவள்ளி. வருமானம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காலையில் பசியாறிவிட்டு அங்கே போய் வருவதுதான் அப்பாவின் ஒரு நாள். கால் வலி வந்தபின் போவது குறைந்தது. பிறகு நின்றே போனது. போக்கு நின்றதும் பேச்சும் குறைந்தது. நான் அழைத்தால், "சாப்பிட்டியாம்மா" என்பதோடு தொலைபேசி அம்மாவின் கைக்குப் போய்விடும்.

"மேட்டில் அழுத்தி மிதிக்காமல் லேசாக ஓட்டினால், சைக்கிள் இவருக்கு நல்லதுதான்" என்று மருத்துவர் சொன்னார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் மின்சார மலைச் சைக்கிள்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

மலைச் சைக்கிள் எதற்கு என்று கேட்கலாம். வீட்டிலிருந்து நிலத்துக்கு நான்கு கிலோமீட்டர். முதலில் செம்மண் பாதை. அடுத்து, மழை பெய்தால் பஞ்சு போல அமிழும் கறுப்புச் சதுப்பு மண். நடுவில் ஒரு பாரிட். அதன் மேல் பாலம் என்று சொல்லிக்கொள்ள இரண்டு பலகை. கடைசியில் ஒரு மேடு. மெல்லிய டயர் சைக்கிள் அங்கே பாதியில் நின்றுவிடும்.

இரண்டு வகை

கடைக்குப் போனதும் முதல் கேள்வியே, "லைட் வேணுமா, ஃபுல் பவர் வேணுமா?" என்பதுதான்.

இரண்டுமே மிதித்தால்தான் ஓடும். நாம் மிதிக்கும் விசையை உணரிகள் அளந்து சொல்ல, மோட்டார் அதற்கு ஏற்றபடி கைகொடுக்கும். இந்த யோசனை புதிதல்ல. 1993-இல் ஜப்பானில் யமஹா விற்பனைக்குக் கொண்டுவந்த 'பாஸ்' சைக்கிள்தான் இதற்கு முன்னோடி. மலைச் சைக்கிளுக்கு இது வந்து சேர வெகுகாலம் ஆனது.

முழு ஆற்றல் வகையில் மோட்டாரின் முறுக்குவிசை சுமார் 85 நியூட்டன் மீட்டர். போஷ் சிஎக்ஸ், ஷிமானோ இபி8 போன்றவை இந்த வகை. பேட்டரி 600 முதல் 800 வாட்மணி வரை இருக்கும். சைக்கிளின் எடை பெரும்பாலும் 22 முதல் 25 கிலோ. எங்கள் வீட்டு எரிவாயுத் தோம்பில் பாதி கேஸ் தீர்ந்த பிறகு தூக்கினால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படி.

இலகு வகையில் முறுக்குவிசை 35 முதல் 60 வரை. பேட்டரி 320 முதல் 430 வாட்மணி. எடை 16 முதல் 19 கிலோ. 2020-இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் லீவோ எஸ்எல், ஓர்பேயாவின் ரைஸ் ஆகியவை வந்தபோதுதான் இந்த வகை பரவலாகப் பேசப்பட்டது. ஃபசுவா, டிகியூ, போஷ் எஸ்எக்ஸ் மோட்டார்களும் இந்த வகைதான். அந்த மோட்டார் ஒன்றின் எடை இரண்டு கிலோ அளவுதான்.

காகிதத்தில் பார்த்தால் முடிவு எளிது என்றே தோன்றும். வயதானவர், முழங்கால் வலி. பெரிய மோட்டாரை வாங்கிக் கொடுத்துவிட வேண்டியதுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எடையின் கணக்கு

"ஆறு கிலோ கூடினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுமே" என்று பலர் சொல்வார்கள். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நம் ஊருக்குப் பக்கத்தில் நிற்கும் குனோங் பூலாயின் உயரம் 654 மீட்டர். அதில் 500 மீட்டர் உயரம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் 24 கிலோ சைக்கிளில் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டும் 121 வாட்மணி தேவை. 18 கிலோ சைக்கிளில் 113 வாட்மணி. வித்தியாசம் எட்டே எட்டு. கைத்தொலைபேசி பேட்டரியில் பாதிகூட இல்லை. அதாவது, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்த ஆறு கிலோவை நம் கால் பெரிதாக உணராது.

அப்படியானால் ஆற்றல் எங்கே வித்தியாசப்படுகிறது? மேட்டின் சரிவில். பத்து விழுக்காடு மேட்டில், அதாவது நூறு மீட்டர் போனால் பத்து மீட்டர் உயரும் பாதையில், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏற அப்பாவின் எடைக்கு சுமார் 220 வாட் போதும். அவர் 70 வாட் கொடுத்தால் மீதியை இலகு மோட்டாரே கொடுத்துவிடும். சரிவு இருபது விழுக்காடானால் தேவை 400 வாட்டைத் தொட்டுவிடும். 300 வாட் உச்சத்தோடு நின்றுவிடும் மோட்டார் அங்கே திணறும். 600 வாட் தரும் பெரிய மோட்டார் திணறாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இலகு மோட்டார்களில் சில, தாளில் 600 வாட் என்று போட்டிருந்தாலும் வேகமாக மிதித்தால்தான் அதைத் தரும். அப்பாவின் தலைமுறை மெதுவாக, அழுத்தி மிதிக்கும் தலைமுறை. அவர்களுக்கு அந்த எண் கைக்கு எட்டாது.

முதல் சனிக்கிழமை

ஸ்கூடாயில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இரண்டு வகையும் இருந்தன. ஒன்று அவருடையது, ஒன்று மனைவியுடையது. தோட்டத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு இரண்டையும் வேனில் ஏற்றி வந்தார்.

அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்னம்மா இது, சைக்கிளா, மோட்டார் சைக்கிளா?"

"மிதிச்சாதான்பா ஓடும்."

முழு ஆற்றல் சைக்கிளில் ஏற்றிவிட்டோம். பத்து மீட்டர் போனதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது! செம்மண் பாதையில் எங்களை முந்திக்கொண்டு போனார். சதுப்பு மண்ணில் டயர் அமிழ்ந்தபோதும் மோட்டார் இழுத்துக்கொண்டு போனது. கடைசி மேட்டில், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வர, அவர் மேலே நின்று கையசைத்தார். முடிவு செய்துவிட்டேன், இதுதான் அப்பாவுக்கு என்று.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பாரிட் பலகை நனைந்து வழுக்கியது. அப்பா இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பலகையில் கால் வைத்தார். பாதி தூரத்தில் பின்சக்கரம் பலகையை விட்டு நழுவியது. இளவட்டமாக இருந்தால் பிடித்து நிறுத்தியிருப்பார். 24 கிலோ அவரையும் சேர்த்து இழுத்தது. இடுப்பளவு தண்ணீரில் விழுந்தார்.

அடி ஒன்றும் இல்லை. நானும் நண்பரும் சேர்ந்து முதலில் அவரையும், பிறகு சைக்கிளையும் கரையேற்றினோம். சைக்கிளைத் தூக்க எங்கள் இருவருக்கும் மூச்சு முட்டியது. அப்பா சேற்றைத் துடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

இரவு சாப்பாட்டின்போதுதான் சொன்னார்: "கூட ஆள் வந்தாதான் போக முடியும்னா, நான் வீட்டிலேயே இருந்துக்கிறேன்மா."

அன்று இரவு வெகுநேரம் யோசித்தேன். நான் தேடியது அப்பாவின் முழங்காலுக்கு ஒரு மோட்டார். அவருக்கு வேண்டியிருந்தது, யாரையும் கூப்பிடாமல் போய்த் திரும்பும் ஒரு வழி. இரண்டும் ஒன்று என்று நான் நினைத்திருந்தேன்.

இரண்டாம் சனிக்கிழமை

அவரை மறுபடி கிளப்ப ஒரு வாரம் ஆனது. இந்த முறை இலகு வகை.

செம்மண்ணில் வித்தியாசமே தெரியவில்லை. சமதளத்தில் இது இன்னும் இயல்பாக ஓடுவதாகச் சொன்னார். அதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பிய விதிப்படி தயாராகும் சைக்கிள்களில் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் மோட்டார் உதவி நின்றுவிடும். அதன்பிறகு சைக்கிளை இழுப்பது நம் கால்தான். அப்போது எடை குறைந்த சைக்கிள் சாதாரணச் சைக்கிள் போலவே இருக்கும்.

பாரிட் வந்தது. நாங்கள் இருவரும் ஓடிப்போய்ப் பிடிக்கத் தயாராக நின்றோம். "தள்ளி நில்லுங்க" என்றார். முன்சக்கரத்தைத் தூக்கிப் பலகையில் வைத்தார். இரண்டடி நடந்தார். பின்பக்கத்தைத் தூக்கி நேராக்கினார். அக்கரை போய்த்தான் திரும்பிப் பார்த்தார். தோம்பு தூக்கிய கை, 18 கிலோவைச் சமாளித்துவிட்டது.

மேட்டில்தான் இது தோற்றது. பாதிவரை ஏறினார். செங்குத்தான கடைசி 80 மீட்டரில் மோட்டார் முனகியது, அவரும் முனகினார். முழங்காலை அழுத்த வேண்டாம் என்று நான் கத்த, இறங்கிவிட்டார். சைக்கிளில் 'நடை உதவி' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் நாம் நடக்கும் வேகத்தில் சைக்கிள் தானே மேலே உருளும். பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"இது போதும்மா. 80 மீட்டர் நடந்தா நான் ஒண்ணும் தேய்ஞ்சி போயிட மாட்டேன்."

நீங்கள் வாங்கப் போகிறீர்களா?

அப்பாவுக்குச் சரியானது உங்களுக்கும் சரி என்று சொல்ல வரவில்லை. உங்கள் எடை கூடுதலா, பாதை முழுக்கச் செங்குத்து மேடா, ஒரே நாளில் நெடுந்தூரம் போவீர்களா, எப்போதும் துணையோடு போகிறீர்களா? அப்படியானால் முழு ஆற்றலே நல்லது. பாதை பெரும்பாலும் சமதளமா, மாடிப்படியில் தூக்கிப் போக வேண்டுமா, தனியாகப் போகிறீர்களா? இலகு வகையைப் பாருங்கள். தூரம் போதாவிட்டால் சிலவற்றில் கூடுதல் சிறு பேட்டரியைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம்.

இந்தக் கோடு இப்போது அழிந்துகொண்டும் வருகிறது. 2024-இல் டிஜேஐ நிறுவனம் கொண்டுவந்த அவினாக்ஸ் மோட்டார் இரண்டரைக் கிலோ எடையில் 105 நியூட்டன் மீட்டர் தருகிறது. அதைப் பொருத்தி 20 கிலோவையொட்டிய சைக்கிள்கள் வந்துவிட்டன. விலைதான் எல்லார் கைக்கும் எட்டாது.

கடைக்குப் போனால் மூன்று காரியம் செய்யுங்கள். முதலில், மோட்டாரை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பேட்டரி தீர்ந்த நாளில் உங்கள் கதி அதுதான். இரண்டாவது, யார் ஓட்டப் போகிறாரோ அவரே அதைத் தூக்கிப் பார்க்கட்டும். கடைக்காரர் தூக்கிக் காட்டுவது கணக்கில் வராது. மூன்றாவது, பழையது வாங்கினால் பேட்டரி எத்தனை முறை மின்னேற்றப்பட்டது, இன்னும் எவ்வளவு கொள்ளளவு மிச்சம் என்பதைக் கணினியில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பொதுச் சாலையில் ஓட்டுவதாக இருந்தால் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். மின் ஸ்கூட்டர் உள்ளிட்ட சில சிறு வாகனங்களைச் சாலையில் ஓட்ட 2021 டிசம்பரில் நம் நாட்டில் தடை வந்தது. மிதிக்காமலே கைப்பிடியைத் திருகினால் ஓடும் சைக்கிளும், மிதித்தால் மட்டும் உதவும் சைக்கிளும் ஒன்றல்ல. எது அனுமதிக்கப்பட்டது என்று ஜேபிஜேயிடம் உறுதி செய்துகொண்டு பணத்தைக் கட்டுங்கள். மின்னேற்றும்போது அந்தச் சைக்கிளுக்கு உரிய சார்ஜரையே பயன்படுத்துங்கள். இரவெல்லாம் வாசற்கதவு ஓரத்தில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

நான் வாங்கியது பழையது. இலகு வகை. புதிது வாங்க என் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. ஹெல்மெட் மட்டும் புதிது. அதைப் போட அப்பாவுக்கு இன்னும் மனமில்லை. அம்மா வாசலில் நின்று போட்டுவிட்ட பிறகே அனுப்புகிறார்.

வாரத்தில் நான்கு நாள் நிலத்துக்குப் போகிறார். மழை என்றால் போவதில்லை. அது எங்கள் இருவருக்கும் உள்ள ஒப்பந்தம். போன வாரம் நான் அழைத்தபோது அவரே எடுத்தார். தொலைபேசி அம்மாவின் கைக்குப் போக இருபது நிமிடம் ஆனது. முழுக்க அன்னாசிக் கதை. கடைசியில், "அந்தப் பலகை ஒண்ணு இத்துப் போச்சும்மா. நாளைக்கு மாத்திடலாம்னு இருக்கேன்" என்றார்.

யார் உதவிக்கு வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.