பிக்கப் வண்டியின் அச்சுகளுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் ஏற்ற எண்ணெய்

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்களில் விளையும் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் மலைப்பாதை வழியே வண்டிகளில் இறங்கித்தான் சமவெளிச் சந்தைகளை அடைகின்றன. மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதை சேறாகிவிட்டால், நான்கு சக்கரங்களும் இழுக்கும் பிக்கப் வண்டியே விவசாயிக்குத் துணை. மூட்டைகளுடன் செல்லுகையில் அவ்வண்டியின் பின்னச்சுப் பற்சக்கரம் உடையுமாயின், பழுதுச் செலவோடு அன்றைய சந்தையும் கைவிட்டுப் போகும்.

எஞ்சின் எண்ணெயைக் காலந்தவறாமல் மாற்றுபவர்கள்கூட, வண்டியின் அடியிலுள்ள மூன்று பெட்டிகளை மறந்துவிடுகின்றனர். கியர் பெட்டியிலிருந்து வரும் சுழற்சியை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பகிர்ந்தளிப்பது டிரான்ஸ்பர் கேஸ். ஒவ்வோர் அச்சின் இடையிலும் குடம்போல் பருத்துத் தோன்றுவது டிபரன்ஷியல். சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் திருப்பிவிடுவதும், வளைவில் வெளிப்புறச் சக்கரம் சற்று விரைவாகச் சுழல இடங்கொடுப்பதும் அதன் வேலை. இம்மூன்றிற்கும் ‘தொண்ணூறு ஆயில்’ என்று ஒரே பெயர் சொல்லி வாங்கி ஊற்றுவது சரியா என்பதே நாம் இங்கு கவனிக்க வேண்டியது.

டிபரன்ஷியலில் பினியன் என்னும் சிறு சக்கரம் கிரவுன் வீல் என்னும் பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. இக்காலத்துப் பிக்கப் வண்டிகள் பலவற்றில் பினியனின் அச்சுக்கோடு கிரவுன் வீலின் மையத்தின் வழியே செல்லாமல் விலகியிருக்கும். இவ்வமைப்புக்கு ஹைப்பாய்டு என்று பெயர். இதில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு, பேரழுத்தத்துடன் வழுக்கவும் செய்கின்றன. வெறும் எண்ணெய்ப் படலம் அவ்வழுத்தத்தில் பிதுங்கி விலகிவிடும். ஆகவே கந்தகமும் பாஸ்பரஸும் அடங்கிய மருந்துகளை எண்ணெயில் சேர்க்கின்றனர். உராய்வின் சூட்டில் அவை பற்களின்மீது மெல்லிய காப்புப் படலமாகப் படிகின்றன. இம்மருந்து மிகுதியாக உள்ள எண்ணெயே ஜி.எல்.-5. மிதமாக உள்ளது ஜி.எல்.-4. ஹைப்பாய்டு டிபரன்ஷியலுக்கு ஜி.எல்.-5 இன்றியமையாதது.

அப்படியானால் நான்கைவிட ஐந்து உயர்ந்தது, எல்லாப் பெட்டிகளிலும் அதையே ஊற்றலாம் என்று எண்ணுவோர் பலர். அது சரியன்று. எஃகுப் பற்களைக் காக்கும் கந்தகம், பித்தளையையும் வெண்கலத்தையும் அரிக்கக்கூடும். கியர் பெட்டிகளிலும் சில டிரான்ஸ்பர் கேஸ்களிலும் அவ்வுலோக வளையங்கள் உண்டு. ஜி.எல்.-5 எண்ணெய்கள் யாவும் இத்தீங்கைச் செய்வன அல்ல. எனினும் கையேடு ஜி.எல்.-4 என்று கூறும் இடத்தில் அதையே ஊற்றுவது நலம். சங்கிலியால் இயங்கும் டிரான்ஸ்பர் கேஸ்கள் பலவற்றிற்கு, தானியங்கிக் கியர் பெட்டிக்கான மெல்லிய எண்ணெயே ஏற்றது. பெரும்பாலும் அது சிவப்பாக இருக்கும். அங்கே கனத்த எண்ணெய் ஊற்றினால் எல்லாப் பாகங்களுக்கும் செவ்வனே பரவாது. அம்மெல்லிய எண்ணெயை டிபரன்ஷியலில் ஊற்றுவதோ பற்களைத் தேய்த்தே அழித்துவிடும்.

கனத்தைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. கியர் எண்ணெயின் 90, எஞ்சின் எண்ணெயின் 40-ஐப்போல் இருமடங்கு கனம் என்று கருதவேண்டாம். இரண்டின் அளவைகளும் வேறு. சூடேறிய நிலையில் அவை ஏறக்குறைய ஒத்த கனமுடையவை. ‘80 டபிள்யூ-90’ என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். 80 டபிள்யூ எண்ணெயைப் பூஜ்யத்திற்குக் கீழ் 26 டிகிரியிலும், 75 டபிள்யூ எண்ணெயைக் கீழ் 40 டிகிரியிலும் சோதிக்கின்றனர். உதகையின் உறைபனியும் அவ்வளவு கடுமையானதன்று. எனவே குளிரை அஞ்சி 75 டபிள்யூ வாங்க வேண்டியதில்லை. கையேடு அதைக் கேட்டால் மட்டும் வாங்குக. பாரம் மிகுதி என்பதற்காக 85 டபிள்யூ-140 ஊற்றுவதற்கும் இவ்விதியே பொருந்தும்.

ஊராட்சி வாகனத்திற்கு விலைப்புள்ளி கோரும்போது ‘கியர் ஆயில்’ என்று மட்டும் எழுதினால், குறைந்த விலைக்கு எது கிடைக்குமோ அதுவே வந்து சேரும். கன எண், ஜி.எல். எண், எந்தப் பெட்டிக்கு எத்தனை லிட்டர் ஆகிய மூன்றையும் கையேட்டிலிருந்து எடுத்தெழுதுதல் வேண்டும்.

மாற்றும்போது வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கையில், முதலில் ஊற்றும் துளையின் நட்டைக் கழற்றிப் பார்க்க. அது துருவேறிக் கழலாவிட்டால், அடியில் வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்ற வழியின்றித் தவிக்க நேரும்! டிரெயின் நட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது இயல்பே. இரும்புச் சில்லுகள் தென்பட்டால் மெக்கானிக்கிடம் காட்டுக. எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். ஓடைகளைக் கடந்து செல்லும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்த்தல் நன்று. புது எண்ணெயை, கையேடு வேறு அளவு கூறாவிட்டால், ஊற்றும் துளையின் கீழ்விளிம்பு வரை நிரப்புக. அச்சின் மேலுள்ள சிறு காற்றுத் துளை சேற்றால் அடைபட்டால், உள்ளழுத்தம் மிகுந்து சீல் வழியே எண்ணெய் கசியும். அதையும் துடைத்துவிடுக.

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் அதற்கும் பொருந்தும். மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, பழைய எண்ணெயைச் சுத்திகரிக்க அனுமதி பெற்றோரிடம் அனுப்பும் பட்டறையில் ஒப்படைக்கலாம்.