ஓடுவது வங்கியல்ல!

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்னும் வினைச்சொல்லுக்கு ‘ஓடு’ என்பதே நேர்ப்பொருள். குழந்தை ஓடுகிறது, குதிரை ஓடுகிறது என்னும்போது அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால், அம்மொழியில் ஆறும் இயந்திரமும் ஓடுகின்றன. கையிருப்பு தீர்ந்துபோவதும், அரசின் செலவு வரவை மிஞ்சுவதும்கூட அதே சொல்லால் குறிக்கப்படுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் தொகுப்பாளர்கள் இந்த ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டியுள்ளனர்.

தமிழிலும் கடிகாரம் ஓடுகிறது, திரைப்படம் ஓடுகிறது, கவலையில் வேலையே ஓடுவதில்லை. எனினும், இரு மொழிகளும் எப்போதும் ஒரே தடத்தில் செல்வதில்லை. ஆங்கிலேயர் நிறுவனத்தை ‘ஓட்டுகின்றனர்’, நாம் ‘நடத்துகிறோம்’. அமெரிக்க வேட்பாளர் தேர்தலில் ‘ஓடுகிறார்’. பிரிட்டிஷ் வேட்பாளர் நம்மவரைப் போலவே ‘நிற்கிறார்’. அகராதியின் முதல் பொருளை மட்டும் நம்பி மொழிபெயர்த்தால் தடுமாற்றமே மிஞ்சும்.

அத்தகைய தடுமாற்றங்களுள் ஒன்று, ‘பேங்க் ரன்’ என்பதை ‘வங்கி ஓட்டம்’ என்று எழுதுவது. ஓடுவது வங்கியல்ல, வைப்புதாரர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் தம் பணத்தைத் திரும்பப் பெற முண்டியடிப்பதையே அத்தொடர் குறிக்கிறது. 1720-ஆம் ஆண்டிலேயே ஜோனதன் ஸ்விஃப்ட் தம் கவிதையொன்றின் தலைப்பில் வங்கியாளர்கள் தொடர்பாக ‘ரன்’ என்னும் சொல்லை இப்பொருளில் ஆண்டிருக்கிறார்.

தொடக்கத்தில் இதில் உருவகம் குறைவு; மக்கள் மெய்யாகவே வங்கி வாசலுக்கு ஓடினர். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றபோதோ, பெரும்பாலோர் இருந்த இடத்தைவிட்டு எழவே இல்லை. கைப்பேசியும் கணினியும் போதுமானவையாக இருந்தன. மறுநாளே வங்கி மூடப்பட்டது. கால்கள் ஓய்ந்தபின் ‘ஓட்டம்’ முன்னைவிட வேகம் பெற்றுவிட்டது.

ஓடுபவர்களை மூடர்கள் என்று இகழ்வதற்கில்லை. வங்கி, வைப்புத்தொகையின் பெரும்பகுதியை நீண்டகாலக் கடனாக அளிக்கிறது. எல்லாரும் ஒருசேரக் கேட்டால் எந்த வங்கியாலும் உடனே தர இயலாது. முந்துபவருக்குப் பணம் கிட்டும், பிந்துபவருக்கு இழப்பு என்னும் நிலையில், தனியொருவர் ஓடுவது அறிவுடைமையே. ஆனால், அனைவரும் ஓடினால் நல்ல வங்கியும் வீழும். டக்ளஸ் டயமண்ட், பிலிப் டிப்விக் ஆகிய இருவரும் 1983-இல் இதனைக் கணித வழியில் விளக்கினர். 2022-இல் பென் பெர்னான்கியுடன் பொருளியல் நோபல் பரிசும் பெற்றனர்.

அவர்கள் சுட்டிய தீர்வுகளுள் ஒன்று வைப்புக் காப்பீடு. பணம் எப்படியும் கிடைக்கும் என்றால், ஓடுவதற்குக் காரணமே இல்லை. கேரளத்தின் பாலாய் மத்திய வங்கி 1960-இல் வீழ்ந்தபின், இந்தியாவில் 1962 ஜனவரி 1 முதல் இக்காப்பீடு நடைமுறைக்கு வந்தது. 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, ரூ.5 லட்சம் வரை காப்பு உண்டு. அதே வங்கியின் பல கிளைகளில் பிரித்து வைத்தாலும் மொத்தமாகவே கணக்கிடப்படும். வங்கியல்லாத நிதி நிறுவனங்களின் வைப்புகளுக்கு இக்காப்பு இல்லை.

‘வங்கி ஓட்டம்’ என்று படிக்கும் ஒருவருக்கு, வங்கிக்காரர் பணத்துடன் ஓடிவிட்டார் என்று தோன்றினால் வியப்பில்லை. அந்தத் தவறான அச்சமே அடுத்த நெருக்கடிக்கு வித்தாகலாம். பிற துறைகளில் பிழையான மொழிபெயர்ப்பு நகைப்போடு முடியலாம். நம்பிக்கையை மூலதனமாகக் கொண்ட வங்கித் துறையில் அது சேமிப்பையே அசைத்துவிடும். சொல்லை விடுத்துப் பொருளைப் பெயர்ப்பதே செய்தி எழுதுவோரின் கடமை. காப்பீட்டின் எல்லையை அறிந்து வைத்திருப்பது சேமிப்போரின் கடமை.