அம்மாவுக்குப் பிடித்த பாடல் எது?

மறதி நோயாளிக்கு விருப்பமான பாடல்களைக் கேட்கச் செய்யுமாறு நாங்கள் குடும்பத்தாரிடம் கூறுவதுண்டு. அவர்களும் ஆவலுடன் இளையராஜாவின் பாடல்களைப் பதிந்து வருவார்கள். அவை பெரும்பாலும் பிள்ளைகளின் விருப்பங்களே! ‘அன்னக்கிளி’ வெளிவந்தது 1976இல். இன்று 85 வயதாகும் தாயார் அப்போதே முப்பதைக் கடந்தவர். ஏறத்தாழ 10 முதல் 30 வயதுக்குள் கேட்டவையே நினைவில் ஆழமாகத் தங்குகின்றன. ஆகவே விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்துப் பாடல்களைத் தேடுங்கள். கோயிலில் கேட்ட திருப்புகழாகவும் இருக்கலாம். பேச்சு குன்றிய சிலர், பழகிய பாட்டின் அடுத்த அடியைத் தாமே பாடக் கண்டிருக்கிறோம். சில பாடல்கள் துயரத்தைக் கிளறும். கலக்கம் மிகுந்தால் நிறுத்திவிடுங்கள். நோய் தொடக்க நிலையில் இருப்பின், பட்டியலை இன்றே அவரிடம் கேட்டு எழுதுங்கள். பத்துப் பாடல்கள் போதும். அடுத்த முறை மருந்துச் சீட்டுடன் அந்தத் தாளையும் கொண்டு வாருங்கள்.