முட்டிவலிக்குக் கால்சியம் மாத்திரையா?

எங்கள் பகுதியில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் இருக்கிற வீடுகளில் ஜன்னல் ஓரத்தில் ஒரு கால்சியம் மாத்திரை அட்டை கிடக்கும். "எதுக்கும்மா போடுறீங்க?" என்று கேட்டால், "முட்டி வலிக்குதுப்பா, எலும்புக்குச் சத்து வேணும்ல" என்பார்கள். பலரும் மருந்துக்கடையில் தாங்களே கேட்டு வாங்கி வருஷக்கணக்கில் போடுகிறார்கள்.

இரண்டு விஷயத்தை முதலில் பிரிச்சுப் பார்க்கணும். வயதானவர்களின் முட்டிவலி பெரும்பாலும் மூட்டில் உள்ள குருத்தெலும்பு தேய்வதால் வருவது. எலும்பு அடர்த்தி குறைவது வேறு சங்கதி. அது வலிக்காது, வழுக்கி விழுந்து இடுப்போ மணிக்கட்டோ முறியும்போதுதான் தெரியும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களுக்கு இது வேகமாக நடக்கிறது. முட்டிவலிக்குக் கால்சியம் போடுவது, பூச்சி விழுந்த செடிக்கு உரம் வைக்கிற கதைதான்.

சரி, போட்டால் கெடுதல் உண்டா? நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் மார்க் போலாண்ட், இயன் ரீட் குழுவினர், சராசரி 74 வயதுள்ள 1471 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு 5 ஆண்டுகள் தினமும் 1 கிராம் கால்சியம், இன்னொன்றுக்கு வெற்று மாத்திரை. 2008-ல் வெளியான முடிவில், சரிபார்த்து உறுதிசெய்த மாரடைப்பு கால்சியம் பிரிவில் 21 பேருக்கு, மற்றதில் 10 பேருக்கு. மருத்துவமனைப் பதிவுகளையும் சேர்த்தபோது இந்த இடைவெளி குறைந்தது. ஆனால் 2010-ல் 11 ஆய்வுகளின் சுமார் 12,000 பேரைச் சேர்த்துக் கணக்கிட்டபோதும் மாரடைப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாகவே இருந்தது.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் 36,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்த ஆய்வில் இதயக் கெடுதி தெரியவில்லை. சிறுநீரகக் கல் கூடியது. அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே சொந்தமாக மாத்திரை போட்டவர்கள், வித்தியாசம் எப்படித் தெரியும் என்று ஆக்லாந்துக்காரர்கள் 2011-ல் கேட்டார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை.

என் கேள்வி வேறு. இவ்வளவு சந்தேகத்தோடு விழுங்கி என்ன லாபம்? வீட்டில் நல்லபடியாக நடமாடுகிற, எலும்புத் தேய்வு நோய் இல்லாத பெண்கள், முறிவைத் தடுக்க 1000 மி.கி. வரையிலான கால்சியத்தையும் 400 அலகு வரையிலான வைட்டமின் டி-யையும் தினமும் போட வேண்டாம் என்றே அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2018-ல் பரிந்துரைத்தது.

மாத்திரை விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் மளமளவென்று ஏறிச் சில மணி நேரம் நிற்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் படியவும் ரத்தம் உறையவும் இது வழி செய்யலாம் என்பது ஒரு விளக்கம். சாப்பாட்டில் வருவது மெல்ல மெல்லச் சேர்கிறது. யூரியாவையும் தொழுவுரத்தையும் பார்த்த நமக்கு இது புரியாததா!

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மி.கி. வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி., ஒரு பெரிய டம்ளர் பாலில் 240, ஒரு பிடி முருங்கைக்கீரையில் 150. எள்ளுருண்டை, முள்ளோடு தின்கிற நெத்திலிக் கருவாடு இதெல்லாம் மேல்வரவு. கேழ்வரகில் உள்ள பைட்டேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினாலோ கூழாகப் புளிக்க வைத்தாலோ அது குறையும். அதனால் கடையில் வாங்கும் ராகி பிஸ்கட்டை விடப் பழைய கூழ் மேல்.

இதை உடம்பு சேர்த்துக்கொள்ள வைட்டமின் டி வேணும், அதுக்கு வெயில் வேணும். களை எடுக்கிறவர்களுக்குப் பிரச்சினையில்லை. மகன் வீட்டு அடுக்குமாடியில் போய் உட்கார்ந்துவிட்ட அம்மாக்களைத்தான் சொல்கிறேன். நடையும், பாரம் தூக்குகிற வேலையும் இல்லாவிட்டால் எலும்பும் இளகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. எலும்புத் தேய்வு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், தைராய்டு அறுவை செய்து கால்சியம் குறைந்தவர்கள், இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தக் கூடாது. அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், நீங்கள் தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்லி, இது இன்னும் வேணுமா, எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள்.