ஊழியரின் திறனும் மேலதிகாரியின் நோக்கும்

மேற்பார்வைக்கு வரும் அதிகாரியின் குறிப்பேட்டைப் புரட்டினால் அதில் பெரும்பாலும் குறைகளே எழுதப்பட்டிருக்கக் காணலாம். பதிவேடு முடிக்கப்படவில்லை, அறிக்கை தாமதமாக வந்தது, வகுப்பில் ஒழுங்கு போதாது. குறை காண்பதும் மேற்பார்வையின் ஒரு பகுதியே என்பதில் ஐயமில்லை. அதுவே முழு மேற்பார்வையாகிவிடும்போதுதான் ஊழியரின் மனநலம் பாதிக்கப்படுகிறது, வேலையும் கெடுகிறது.

க்ளூகர், டெனிஸி என்னும் இரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள், ஒருவரது வேலையைப் பற்றி அவருக்கே கூறப்படும் மதிப்பீடுகளின் விளைவை அளந்த பல சோதனைகளைத் தொகுத்து 1996-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சராசரியாகப் பார்க்குமிடத்து மதிப்பீடு நன்மையே செய்திருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில், மதிப்பீட்டைக் கேட்ட பின்னர் வேலைத்திறன் குறைந்தே போயிற்று! கவனம் வேலையை விட்டு, தன்னைப் பற்றிய கவலையின்பால் திரும்பிவிடுவதே இதற்குக் காரணம் என அவர்கள் விளக்கினர்.

இதற்கு மாறான வழி, ஒவ்வோர் ஊழியரின் திறனையும் அறிந்து அதற்கேற்பப் பணியைப் பகிர்ந்தளிப்பதாகும். திறன் என்பது ஈண்டு வெறும் கைத்தேர்ச்சி அன்று. எந்த வேலையை ஒருவர் நன்கு செய்வதோடு, செய்து முடித்த பின்னும் ஊக்கம் குன்றாதிருக்கிறாரோ, அதுவே அவரது திறன். 2016-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி நெதர்லாந்து நாட்டு மனநல சிகிச்சை ஸ்தாபனம் ஒன்றில் நடத்தப்பட்டது. வேலைப்பளுவும் மனத்தை வருத்தும் சூழ்நிலையும் ஒருங்கே கூடியபோது ஊழியர்கள் வேலைக்கு வராதிருப்பது மிகுந்தது. தங்கள் திறனைப் பயன்படுத்த ஸ்தாபனம் இடமளிக்கிறது என்று கருதியவர்களிடையே இவ்விளைவு குறைவாக இருந்தது. பளு குறையவில்லை, அதைத் தாங்கும் வலிமையே கூடியது எனலாம்.

குறைகளைப் பாராதிருக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. தடுப்பூசிப் பணியில் ஈடுபட்டுள்ள ஊழியர் ஒருவர் தாய்மாரின் அச்சத்தைப் பேசிப் போக்குவதில் வல்லவராக இருக்கலாம். ஆனால் மருந்துப் பெட்டியின் வெப்பநிலையைக் கவனிப்பதில் அசட்டையாக இருக்கலாம். பெரும்பாலான தடுப்பு மருந்துகள் 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடுக்குள் வைக்கப்பட வேண்டியவை. அவரது நாவன்மை எத்துணைச் சிறந்ததாயினும் கெட்டுப்போன மருந்தை அது நல்லதாக்கிவிடாது. எனவே வெப்பநிலையைக் குறிக்கும் வழக்கத்தை அவர் கற்றே ஆகவேண்டும். ஆனால் அதை மட்டும் சொல்லித் திரும்பும் அதிகாரி, அவரால் தடுப்பூசிக்கு இணங்கிய குடும்பங்களைக் காணத் தவறிவிடுகிறார். கணக்கில் கருத்துள்ள மற்றோர் ஊழியரை அவருடன் இணைத்து அனுப்ப இயலுமாயின் இருவருக்கும் நன்மை உண்டு.

திறனைக் கண்டறிய விசேஷப் பரீட்சைகள் பல உள. அவை கிடைக்காத இடத்தில் இரண்டு கேள்விகள் பெரிதும் உதவும். சொல்லாமலே இவர் எடுத்துச் செய்யும் வேலை எது? உடன் பணிபுரிவோர் எதற்காக இவரை நாடி வருகின்றனர்?

இம்முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. கையெழுத்து அழகாக உள்ள ஆசிரியரின் மேசைக்கே பள்ளியின் பதிவேடுகள் அனைத்தும் வந்து சேர்வது பலரும் அறிந்ததே. இது திறனுக்கு அளிக்கும் மதிப்பு அன்று; தண்டனை. அவர் அவ்வேலையை விரும்புகிறாரா என்று முதலில் கேட்டறிதல் வேண்டும். விரும்பினால், அதற்கு ஈடாக வேறொரு பணியை அவரிடமிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லையெனில் பதிவேடுகளை எல்லோருக்கும் முறை வைத்துப் பங்கிட வேண்டும்.