பத்துக்குப் பத்து வாங்கிய அட்டை

பேஸ்பால் வீரர்களின் படம் பொறித்த அட்டைகளைச் சேகரிப்பது அமெரிக்க நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம். 1996-இல் ஜப்பானில் தோன்றிய போக்கிமான் அட்டைகளும் பின்னர் அதனுடன் சேர்ந்துகொண்டன. ஒரே படமுடைய இரண்டு அட்டைகளுள் ஒன்று சில டாலருக்கும் மற்றொன்று பல ஆயிரம் டாலருக்கும் விலைபோவது ஏன்? அட்டையின் நிலையை ஆராய்ந்து 1 முதல் 10 வரை மதிப்பெண் இடும் நிறுவனங்கள் அங்கு உள்ளன. அவை அட்டையைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையிலிட்டு, எண்ணும் பொறித்துத் தருகின்றன. அந்த எண்ணைக் கணினியிலோ கைப்பேசியிலோ இட்டால் அட்டையைப் பற்றிய அறிக்கை விரியும்.

பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கையொப்பமிடும் தந்தையர் நம்மிடையே உண்டு. எப்பாடத்தில் குறைந்தது என்று பார்ப்பவருக்கே அவ்வறிக்கை பயன்படும். இங்கும் அவ்வாறே.

பார்க்கவேண்டியவை நான்கு: படம் நடுவில் அமைந்துள்ளதா, மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு. பெக்கெட் நிறுவனத்தார் இந்நான்குக்கும் தனித்தனியே மதிப்பெண் இடுவது வழக்கம். மொத்த மதிப்பெண் இவற்றின் வெறும் சராசரி அன்று. மிகக் குறைந்தது மொத்தத்தையும் கீழே இழுத்துவிடும். “55/45” என்று காணப்பட்டால், இருபுற ஓரங்களின் அகலத்தையும் கூட்டி நூறாகக் கொள்ளும்போது ஒருபுறம் 55, மறுபுறம் 45 என்பது பொருள். இது அச்சகத்தில் வெட்டும்போதே நேர்ந்துவிடுவது. எத்துணைப் பத்திரமாக வைத்திருந்தாலும் மாறாது. மூலைகள் வெளுப்பதோ பெரும்பாலும் கைபட்டதால். மேற்பரப்பின் நுண்ணிய கீறல்கள் சாய்ந்த ஒளியில்தான் புலப்படும். ஆதலால் டாக் என்னும் நிறுவனம் பல கோணங்களில் ஒளி பாய்ச்சிப் படமெடுத்து, 1000 புள்ளிகள் கொண்ட அளவில் மதிப்பிட்டு, குறை எவ்விடத்தில் உள்ளது என்பதைப் படத்திலேயே சுட்டுகின்றது. பிற நிறுவனங்களும் இவ்வழியைப் பின்பற்றினால் நன்று என்பது நம் கருத்து.

எனினும் அறிக்கையே வேதவாக்கு அன்று. 1909-க்கும் 1911-க்கும் இடையே சிகரெட் பெட்டிகளில் வைத்து வழங்கப்பட்ட ஹோனஸ் வாக்னர் அட்டைகள் மிக அரியவை. அவற்றுள் ஒன்று 1991-இல் 4,51,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அப்போது புதிதாகத் தொடங்கியிருந்த பி.எஸ்.ஏ. நிறுவனம் முதல் எண்ணை அதற்கே அளித்து, 8 மதிப்பெண்ணும் இட்டது. 2007-இல் அதன் விலை 28 இலட்சம் டாலராக உயர்ந்தது. முன்பு அதை வைத்திருந்த வணிகர் பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களை வெட்டிச் சீராக்கியதாக 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கூரிய விளிம்புக்குக் காரணம் அந்த வெட்டே!

உண்மையான எண்ணைப் போலி உறைமீது அச்சிட்டு விற்போரும் உளர். எண் சரியாக இருப்பது மட்டும் போதாது. அறிக்கையில் உள்ள படத்தையும் கையிலுள்ள அட்டையையும் அருகருகே வைத்து, ஓரத்தின் அகலம், அச்சுப் புள்ளி, சிறு கீறல் ஆகியன ஒத்துள்ளனவா என்று நோக்கவேண்டும். இத்தகைய அட்டைகள் எத்தனை உள்ளன என்று நிறுவனம் வெளியிடும் தொகையையும் சற்று ஐயத்துடனேயே பார்க்கலாம். கூடுதல் மதிப்பெண் வேண்டி உறையை உடைத்து மறுபடி அனுப்பும் ஓர் அட்டை, கணக்கில் இரண்டாகிவிடுவதுண்டு.