அஞ்சலகப் பெட்டியும் டெலிபோன் வேலையும்

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பழைய மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. மேலே கருப்பு எபோனைட் பலகை, அதன்மேல் பித்தளைத் துண்டுகள், அவற்றின் இடைவெளிகளில் செருகி எடுக்கும் பித்தளை முளைகள். இதற்குப் பெயர் அஞ்சலகப் பெட்டி. "சார், தபாலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். அண்மையில் கேட்ட மாணவர் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டார். அவருடைய அப்பா டெலிபோன் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "அந்த மாதிரி அரசாங்க வேலை எனக்கும் கிடைக்குமா சார்?"

முதல் கேள்வியை முதலில் பார்ப்போம். பிரிட்டனில் 1870-இல் தந்தித் துறையை அஞ்சல் துறை எடுத்துக்கொண்டது. இந்தியாவிலும் 1984 முடியும் வரை தபாலும் டெலிபோனும் ஒரே துறையாகத்தான் இருந்தன. தந்திக் கம்பியில் பழுது எங்கே என்று கண்டுபிடிக்க அஞ்சல் துறைப் பொறியாளர்கள் தூக்கிச் சென்ற கருவிதான் இந்தப் பெட்டி. உள்ளே இருப்பது வீட்ஸ்டன் சமனச்சுற்று, வேறொன்றுமில்லை.

பூமிக்கடியில் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கேபிள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ ஓரிடத்தில் உறை கிழிந்து, ஈரம் புகுந்து, ஒரு கம்பி மண்ணோடு தொடர்பு கொண்டுவிட்டது. எங்கே தோண்டுவது? தெரு முழுவதையும் தோண்ட முடியுமா?

தொலைக்கோடியில் ஒருவர் நல்ல கம்பியையும் பழுதான கம்பியையும் சேர்த்து முறுக்கிவிடுவார். இப்போது 6 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே வளையம் கிடைத்துவிட்டது. இந்தக் கோடியில் பெட்டியின் இரண்டு தடைகளை வளையத்தின் இரு முனைகளிலும் இணைக்கிறோம். கால்வனோமீட்டரையும் அதே இரு முனைகளுக்கிடையே இணைக்கிறோம். மின்கலத்தின் ஒரு முனை அந்த இரண்டு தடைகளும் சந்திக்கும் இடத்துக்குப் போகிறது. மறுமுனை பூமிக்கு. முள் சுழியில் நிற்கும்போது நல்ல கம்பிப் பக்கத்துத் தடை 300 ஓம், பழுதான பக்கத்துத் தடை 100 ஓம் என்றால், வளையமும் பழுது இருக்கும் இடத்தில் 3-க்கு 1 என்றுதான் பிரிந்திருக்க வேண்டும். 6 கிலோமீட்டரில் கால் பங்கு 1.5 கிலோமீட்டர். அங்கே தோண்டினால் போதும்.

இதில் ஓர் அழகு உண்டு. ஈர மண்ணின் தடை எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. மழை பெய்தால் அதுவும் மாறிவிடும். ஆனால் அந்தத் தடை மின்கலத்தின் பாதையில் இருக்கிறதே தவிர, சமனச்சுற்றின் நான்கு கரங்களில் எதிலும் இல்லை. ஆகவே விடை மாறுவதில்லை. இம்முறைக்கு மர்ரே வளையச் சோதனை என்று பெயர்.

கம்பி மண்ணைத் தொடாமல் வெறுமனே அறுந்து போயிருந்தால்? அப்போது மின்தேக்குத்திறன் கைகொடுக்கும். அருகருகே ஓடும் இரண்டு கம்பிகள் ஒரு மின்தேக்கிதானே! டெலிபோன் கேபிளில் அது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.05 மைக்ரோபாரட். 0.04 அளவு காட்டினால், அறுந்த இடம் 0.8 கிலோமீட்டரில். கண்ணாடி இழைக் கேபிளில் இதே வேலையை ஒளித்துடிப்பு செய்கிறது. இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. முறிந்த இடத்தில் பட்டு 50 மைக்ரோ நொடியில் திரும்பினால், பழுது எத்தனை கிலோமீட்டர் தொலைவில் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். போய்வந்த தூரத்தில் பாதியை எடுக்க மறந்துவிடாதீர்கள். கல்லூரி மாணவர்களே மறக்கிறார்கள்.

இனி வேலை. அப்பாவின் வேலை அப்படியே காத்திருக்கிறது என்று அந்த மாணவரிடம் நான் சொல்லவில்லை. 2000 அக்டோபர் 1-ஆம் நாள் அரசின் டெலிபோன் சேவை பி.எஸ்.என்.எல். என்னும் நிறுவனமாயிற்று. 2020 ஜனவரி இறுதியில் ஒரே நாளில் அதன் ஊழியர்கள் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் சென்றார்கள். செம்புக் கம்பியின் இடத்தைக் கண்ணாடி இழையும் செல்போனும் பிடித்துக்கொண்டன.

ஆனால் இதே திறமை ரயில்வேயில் இன்றும் தேவைப்படுகிறது. அங்கே சிக்னல், தொலைத்தொடர்பு என்று தனித் துறையே உண்டு. தண்டவாளத்தின் ஓரமாகக் கேபிள்கள் ஓடுகின்றன. அவை பழுதானால் ரயிலே நின்றுவிடும். 2024-இல் ரயில்வே தேர்வு வாரியம் வெளியிட்ட டெக்னீஷியன் அறிவிப்பில், சிக்னல் பிரிவின் முதல் நிலைப் பணிக்கு இயற்பியல் பட்டதாரிகளும் டிப்ளமா படித்தவர்களும் விண்ணப்பிக்க முடிந்தது. மூன்றாம் நிலைப் பணிகளுக்குப் பத்தாம் வகுப்போடு உரிய தொழிற்பிரிவில் ஐ.டி.ஐ. சான்றிதழ் போதும். தேர்வில் கணக்கும் அறிவியலும் பெரும்பங்கு.  அறிவிப்பு வரும்போது வயது வரம்பு, தகுதி எல்லாவற்றையும் அதிலேயே படித்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று வருகிற தரகரிடம் கேட்காதீர்கள். நிறங்களைப் பிரித்தறியும் பார்வையும் வேண்டும். ஐந்து நிறங்களோடு வேறு ஐந்து நிறங்களைச் சேர்த்து 25 இணைக் கம்பிகளை அடையாளம் காணும் தொழில் அல்லவா இது!

மறுநாள் அந்த மாணவரிடம் 50 மீட்டர் நீளமுள்ள இரண்டு கம்பிச் சுருள்களைக் கொடுத்தேன். ஒன்றில் ஓரிடத்தில் உறையைச் சுரண்டி, பூமியோடு இணைத்து மறைத்து வைத்திருந்தேன். நல்ல கம்பிப் பக்கம் 1000 ஓம் வைத்தார்; பழுதான பக்கம் 440 ஓமில் முள் நின்றது. 30.6 மீட்டர் என்றார். நான் சுரண்டியது 30 மீட்டரில். அந்த அரை மீட்டர் எப்படி வந்தது என்று அரை மணி நேரம் தேடினார். பழுதான கம்பியைப் பெட்டியில் இணைத்த திருகு சரியாக இறுகவில்லை.